ஆட்டமும் நற்பெயரும்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தனி மனிதன் ஒருவனுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டாலே அதைத் துடைப்பது அரிது. ஒரு தொழிலுக்கு, அல்லது ஓர் ஆட்டத்துக்கே கெட்ட பெயர் வந்துவிட்டால் என்ன செய்வது? அத்தகைய ஆட்டம் ஒன்றைப் பற்றியும், அதன் பெயரை உயர்த்துவதற்கு அதை ஆடுவோர் சங்கமாகக் கூடிச் செய்த முயற்சிகளைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அந்த ஆட்டம் அமெரிக்காவில் 'பூல்' என்று வழங்கும் பந்துமேசை ஆட்டம். அந்த முயற்சிக்குப் 'பொதுமக்கள் தொடர்பு' என்று பெயர்.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். ஒன்பது அடி நீளமும் நான்கரை அடி அகலமும் கொண்ட மேசை. அதன்மேல் இழுத்துக் கட்டிய கம்பளித் துணி. நான்கு மூலைகளிலும் இரண்டு நீண்ட பக்கங்களின் நடுவிலுமாக ஆறு பைகள். எண்ணிட்ட பந்துகள் பதினைந்து. அவற்றை அடிப்பதற்கு வெள்ளைப் பந்து ஒன்று. கையில் ஒரு கோல். கோலால் வெள்ளைப் பந்தைத் தட்டி, அது மற்றப் பந்தை மோதிப் பையில் விழச் செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரு பந்தைப் பையில் தள்ளும் அதே அடியில், வெள்ளைப் பந்து அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் சென்று நிற்குமாறும் செய்ய வேண்டும். கோணம், வேகம், சுழற்சி ஆகிய மூன்றையும் கணக்கிட்டு ஆடும் இந்தக் கலையைப் பௌதிகம் பயிலும் மாணவர்கள் நன்கு சுவைக்கலாம்.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் ஆட்டம் நமக்கு அந்நியமானதன்று. 'ஸ்நூக்கர்' என்னும் ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரி நெவில் சேம்பர்லினால் தோற்றுவிக்கப்பட்டது. அதன் விதிகள் 1882இல் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் 1958ஆம் ஆண்டு கல்கத்தாவில் உலக அமெச்சூர் பட்டம் பெற்ற வில்சன் ஜோன்ஸ், எந்தத் தனிநபர் விளையாட்டிலும் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர். நம் நாட்டில் இவ்வாட்டங்கள் கிளப்புகளில், கனவான்களின் பொழுதுபோக்காகவே அறிமுகமாயின. ஆகவே இவற்றைக் கீழான ஆட்டங்கள் என்று இங்கே எவரும் கருதியதில்லை. அமெரிக்காவில் பூல் ஆட்டத்தின் தலைவிதி வேறாக இருந்தது.

அதன் பெயரிலேயே வினை புகுந்துவிட்டது. 'பூல்' என்றால் பலர் சேர்ந்து கட்டும் பந்தயப் பணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் 'பூல் அறை' என்பது குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் இடம். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையே பொழுது போக வேண்டுமே என்று அறைக்காரர்கள் பந்துமேசைகளைப் போட்டு வைத்தார்கள். பணம் கைமாறியது குதிரைகளின் பேரில். பழி வந்து சேர்ந்ததோ பந்துமேசையின் பேரில்! அறையின் பெயரே நாளடைவில் ஆட்டத்தின் பெயராயிற்று.

பெயர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் அது முழு உண்மையாகாது. இவ்வாட்டத்தைச் சுற்றி ஒரு வஞ்சகத் தொழிலும் வளர்ந்தது. நன்றாக ஆடத் தெரிந்தவன் ஒருவன், தன்னை அறியாத ஊருக்குச் செல்வான். ஆடத் தெரியாதவன்போல முதலில் சில ஆட்டங்களைத் தோற்பான். எதிராளிக்கு ஆசை பிறந்து, பந்தயத் தொகையை உயர்த்துவான். அப்போது இவன் தன் உண்மையான திறமையைக் காட்டிப் பணத்தை அள்ளிக்கொண்டு, விடிவதற்குள் ஊரைவிட்டுப் போய்விடுவான். இப்படிப்பட்டவனை அமெரிக்கர் 'ஹஸ்ட்லர்' என்பர்.

இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ஹஸ்ட்லருக்குத் தன் திறமை வெளியே தெரியாமல் இருப்பதே மூலதனம். பத்திரிகையில் அவன் படம் வந்துவிட்டால் அன்றோடு அவன் பிழைப்புப் போயிற்று. தொழில்முறை ஆட்டக்காரனுக்கோ தன் திறமை ஊரறியத் தெரிவதே மூலதனம். படம் வராவிட்டால் அவனைப் பார்க்க எவரும் சீட்டு வாங்கமாட்டார்கள். ஒரே கோல், ஒரே மேசை, ஒரே கைத்திறன். ஒருவன் இருளை நாடுகிறான், மற்றவன் விளக்கை நாடுகிறான். ஆட்டக்காரர் சங்கம் ஒன்றின் பொதுமக்கள் தொடர்பு வேலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டை மக்கள் மனத்தில் பதிய வைப்பதேயாகும் என்பது என் கருத்து.

ஊரார் மனம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 1957இல் நியூயார்க் நாடக மேடையில் 'தி மியூசிக் மேன்' என்ற இசை நாடகம் அரங்கேறிப் பெரும் புகழ் பெற்றது. அதில் வாத்தியக் கருவிகள் விற்க வரும் எத்தன் ஒருவன் சிற்றூர் ஒன்றுக்கு வருகிறான். ஊராரை அச்சுறுத்தித் தன் சரக்கை விற்க வேண்டும். அதற்கு அவன் கையாளும் வழி என்ன? ஊருக்குள் ஒரு பூல் மேசை வந்துவிட்டது, இனி உங்கள் பிள்ளைகள் கெட்டழிவார்கள் என்று பாடுகிறான். பெற்றோர் நடுங்குகிறார்கள்; எத்தன் வெல்கிறான். நாடகத்தில் இது நகைச்சுவை. ஆயினும் அந்த நகைச்சுவை பார்வையாளருக்கு உடனே விளங்கியது என்பதிலிருந்தே, ஆட்டத்தின் பெயர் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பது தெரிகிறதல்லவா?

இனி, பொதுமக்கள் தொடர்பு என்றால் என்ன என்று பார்ப்போம். இது விளம்பரத்தின் தம்பி போலத் தோன்றினாலும் வேறான ஒன்று. விளம்பரத்தில் நாம் பணம் கொடுத்து இடம் வாங்கி, நாம் விரும்பியதைச் சொல்கிறோம். பொதுமக்கள் தொடர்பில் பிறர் நம்மைப் பற்றி உண்மையை அறிந்து, தாமே நல்லது சொல்லும்படி நடந்துகொள்கிறோம். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஐவி லீ என்ற அமெரிக்கர். 1906இல் அவர் பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். மறைவாக எதுவும் செய்யமாட்டோம், சரியான செய்தியை விரைவில் தருவோம், சரிபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு உதவுவோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் பென்சில்வேனியா ரயில்வேயில் விபத்து நேர்ந்தபோது, செய்தியை மூடி மறைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துச் செல்லச் செய்தார். மறைத்தால் ஐயம் வளரும்; திறந்து காட்டினால் ஐயம் தணியும் என்பது அவர் கண்ட வழி. லீயின் பிற்காலப் பணிகள் பற்றிக் கண்டனங்கள் உண்டு. எனினும் இந்த வழி தவறன்று.

பூல் ஆட்டத்தில் சங்கம் வருவதற்கு முன்பே சில தனி மனிதர்கள் இவ்வேலையைச் செய்தார்கள். சார்லஸ் பீட்டர்சன் என்பவர் கல்லூரிகளுக்குச் சென்று மாணவர்முன் வியத்தகு அடிகளை அடித்துக் காட்டினார். தம்மால் அடிக்க முடியாத அடி இருந்தால் காட்டுங்கள் என்று அறைகூவுவது அவர் வழக்கம். ரால்ப் கிரீன்லீப் என்ற உலக வீரர் தம் மனைவியுடன் நாடக மேடை ஏறினார். ஆட்டத்தை நான்கு சுவருக்குள்ளிருந்து வெளியே கொண்டுவருவது, கண்ணுள்ள எவரும் காணும்படி செய்வது என்பதே இவர்களது வழி.

இவர்களுள் தலைசிறந்தவர் வில்லி மாஸ்கோனி. 1941க்கும் 1957க்கும் இடையே பதினைந்து முறை உலகப் பட்டம் பெற்றவர். மேசை செய்யும் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் சார்பில் நாடு முழுதும் சுற்றிக் காட்சி ஆட்டங்கள் ஆடினார். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, வங்கி அதிகாரியைப் போல் மேசை முன் நிற்பார். 1954இல் ஓஹயோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒரு பந்தும் தவறாமல் அடுத்தடுத்து 526 பந்துகளைப் பையில் இட்டார். அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. அதனை நேரில் கண்டவர்கள் கையொப்பமிட்ட சான்று பத்திரம் எழுதி வைக்கப்பட்டது. ஹஸ்ட்லரின் உலகில் எல்லாம் வாய்ச்சொல்; அங்கே சான்றில்லாத வீரப் பிரதாபங்கள் ஆயிரம். மாஸ்கோனியின் எண்ணுக்குப் பின்னால் சாட்சிகள் இருந்தனர். 2019இல் ஜான் ஷ்மிட் 626 பந்துகள் அடிக்கும் வரை, அறுபத்தைந்து ஆண்டுகள் அந்த எண் ஆட்டத்தின் முகவரியாக விளங்கியது.

இந்நிலையில் 1961ஆம் ஆண்டு வந்தது. வால்ட்டர் டெவிஸ் 1959இல் எழுதிய 'தி ஹஸ்ட்லர்' என்ற நாவல் திரைப்படமாயிற்று. பால் நியூமன் நடித்த அந்தப் படத்துக்கு ஆட்ட நுணுக்கங்களில் ஆலோசகராக இருந்தவர் மாஸ்கோனியே. படம் பெரு வெற்றி பெற்றது. மங்கிக் கிடந்த ஆட்டத்துக்குத் திடீரென்று உயிர் வந்தது. புதிய ஆட்டக்கூடங்கள் எழுந்தன. ஆனால் படம் புகழ் தேடித் தந்தது எவனுக்கு? ஏமாற்றிப் பிழைப்பவனுக்கு! கூட்டம் வந்தது; நற்பெயர் வரவில்லை. விளம்பரமும் நன்மதிப்பும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

அதன் விளைவு ஒன்றையும் கேளுங்கள். படத்தில் வரும் 'மின்னசோட்டா ஃபேட்ஸ்' என்ற பாத்திரம் தம்மைப் பார்த்து எழுதப்பட்டதே என்று ருடால்ஃப் வாண்டரோன் என்ற பருத்த மனிதர் கூறி, அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார். நாவலாசிரியர் மறுத்தும் பயனில்லை. வாண்டரோன் பெரிய பட்டம் எதையும் வென்றவரல்லர்; ஆயினும் வாய் வல்லவர். தொலைக்காட்சியில் தோன்றித் தம் வீரத்தைக் கதை கதையாகச் சொல்லுவார். பதினைந்து பட்டங்கள் பெற்ற மாஸ்கோனிக்கு எப்படி இருந்திருக்கும்! 1978 பிப்ரவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் இருவரும் மோதினர். ஏபிசி தொலைக்காட்சி அதை நாடெங்கும் காட்டியது. மாஸ்கோனி எளிதாக வென்றார். தோற்றவரோ இடைவிடாமல் வேடிக்கை பேசிக்கொண்டே இருந்தார்; மக்களும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். திறமைக்குக் கதையும் வேண்டும். அந்தக் கதையைத் திறமையுள்ளவன் சொல்லாவிட்டால் வேறொருவன் சொல்லிவிடுவான் என்பதே இதிலிருந்து நாம் அறியும் பாடம்.

தனி மனிதர் ஒருவரின் ஒழுக்கம் அவரோடு போகும். நிலைத்து நிற்பதற்கு அமைப்பு வேண்டும். ஆட்டத்தின் விதிகளையும் போட்டிகளையும் முறைப்படுத்த 1948இல் அமெரிக்க பில்லியர்ட் காங்கிரஸ் தோன்றியது. ஆயினும் அதில் மேசை செய்வோர், கூடம் நடத்துவோர் எல்லாரும் இருந்தனர். பரிசுத் தொகையிலும் போட்டி நடத்தும் முறையிலும் தமக்குக் குரல் வேண்டும் என்று 1970களின் நடுவில் முன்னணி ஆட்டக்காரர்கள் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். தாமே உலகப் போட்டிகளையும் நடத்தினர்.

அத்தகைய சங்கத்துக்கு மக்கள் தொடர்புத் துறையில் என்னென்ன வேலைகள் உண்டு? முதலாவது, முடிவுகளையும் எண்களையும் ஒழுங்காகப் பதிவு செய்து பத்திரிகைகளுக்குத் தருவது. பட்டியல் இல்லாத விளையாட்டைப் பற்றி நிருபர் என்ன எழுதுவார்? இரண்டாவது, உடையையும் நடத்தையையும் நெறிப்படுத்துவது. மூன்றாவது, ஆட்டக்காரர்களை மனிதர்களாக அறிமுகம் செய்வது. 1970 முதல் 1973 வரை தொடர்ந்து நான்கு முறை அமெரிக்கத் திறந்த போட்டியில் வென்ற ஸ்டீவ் மிசராக், நியூஜெர்சியில் பள்ளி ஆசிரியர்! ஊரார் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அஞ்சிய ஆட்டத்தில் முதல்வராக நிற்பவர், ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் என்பதைக் காட்டிலும் வலிய மறுமொழி ஏது? பின்னர் அவர் பீர் விளம்பரம் ஒன்றில் தோன்றிக் காட்டிய அடியால் நாடெங்கும் அறியப்பட்டார். மதுவின் துணையால் வந்த அந்தப் புகழ் ஆட்டத்தை மதுக்கடையோடு மீண்டும் சேர்த்து முடிச்சிட்டதே என்ற குறை எனக்கு உண்டு.

நான்காவது வேலை, ஆட்டத்தையே காண்பவருக்கு ஏற்றவாறு அமைப்பது. மாஸ்கோனி காலத்துப் பெரிய ஆட்டத்தில் வல்லவர் ஒருவர் மேசையை விட்டு அகலாமல் நூறு பந்து அடிப்பார்; எதிராளி நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அறிந்தவருக்கு அது சங்கீதக் கச்சேரி. அறியாதவருக்கு உறக்கம் வரும். 'ஒன்பது பந்து' ஆட்டத்திலோ, குறைந்த எண்ணுள்ள பந்தை முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தைப் பையில் இட்டவர் வென்றார். சில நிமிடங்களில் முடிவு தெரியும். பார்வையாளருக்கு விதியும் எளிதில் புரியும். தொலைக்காட்சியின் காலத்தில் ஒன்பது பந்து முன்னே வந்ததற்கு இதுவே காரணம். 1986இல் வெளியான 'தி கலர் ஆஃப் மனி' என்ற திரைப்படமும் ஒன்பது பந்து ஆட்டத்தையே காட்டியது.

இத்துறையில் ஆடவரைவிடப் பெண்கள் தெளிவாகச் செயல்பட்டார்கள் என்று சொல்வேன். மகளிர் தொழில்முறை பில்லியர்ட் சங்கம் 1976இல் தோன்றியது. அதற்கு முன்பே ஜீன் பலுகாஸ் என்ற புரூக்லின் சிறுமி, ஆறு வயதில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பலர்முன் ஆடிக் காட்டியவர், 1972 முதல் தொடர்ந்து பல முறை அமெரிக்கத் திறந்த போட்டியில் மகளிர் பட்டம் வென்றிருந்தார். எனினும் ஆடவர் போட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே நெடுநாள் மகளிர் ஆட்டம் நடந்தது. 1993இல் சங்கம் துணிந்து தனக்கெனத் தனிப் போட்டித் தொடரை அமைத்தது. தொலைக்காட்சியோடு உறவு கொண்டது. இளம் வயதிலேயே முதுகெலும்பு வளைவு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வலியோடு போராடி முன்வந்த ஜீனெட் லீ 1990களில் பெரும் புகழ் பெற்றார். இங்கிலாந்தின் ஸ்நூக்கர் வீராங்கனை அலிசன் ஃபிஷர் 1995இல் அமெரிக்கா வந்து இவ்வாட்டத்திலும் முதன்மை பெற்றார். பார்ப்பவர்க்கு நினைவில் நிற்கும் மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் உண்மையான திறமை, இரண்டையும் தாங்கி நிற்கும் அமைப்பு: இம்மூன்றும் சேர்ந்தபோது வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும் ஆட்டமாயிற்று பூல்.

வெற்றிகளை மட்டும் சொல்லி முடித்தால் உங்களுக்குப் பாதிப் பாடமே சொன்னவன் ஆவேன். சங்கங்களுக்குப் பணம் வேண்டும். பணம் தருபவரின் பெயர் சங்கத்தின் மேல் படியும். 1990களில் ஆடவர் போட்டித் தொடர் ஒன்று கேமல் சிகரெட்டின் பெயரைத் தாங்கி நடந்தது. புகை சூழ்ந்த அறை என்ற பழிச்சொல்லைத் துடைக்க விரும்பிய ஆட்டம், புகையிலையின் பெயரையே நெற்றியில் எழுதிக்கொண்டது! 1998இல் புகையிலை நிறுவனங்களும் மாநில அரசுகளும் செய்துகொண்ட உடன்பாடு இத்தகைய ஆதரவுகளைக் கட்டுப்படுத்தியது. பிறர் கையை நம்பி நின்றவன் அந்தக் கை விலகும்போது தள்ளாட வேண்டியதே.

அதனினும் பெரிய ஏமாற்றம் பின்னர் வந்தது. 2005இல் தொலைக்காட்சி வியாபாரி கெவின் ட்ரூடோ 'சர்வதேசப் பூல் தொடர்' என்ற ஒன்றைத் தொடங்கினார். ஆட்டக்காரர் கனவிலும் காணாத பரிசுகள் அறிவிக்கப்பட்டன. 2006இல் ரீனோ நகரில் நடந்த போட்டியில் பிலிப்பைன்ஸ் நாட்டு மேதை எஃப்ரென் ரேயஸ் முதற்பரிசான 5,00,000 டாலரை வென்றார். விளக்குகள், இசை, ஆடை அலங்காரம் எதற்கும் குறைவில்லை. ஆட்டம் முடிந்த பின், பரிசுப் பணம் உடனே வராது, தவணை தவணையாகத்தான் வரும் என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. தொடர் நிலைக்கவில்லை. உலகெங்கிலுமிருந்து கடன் வாங்கிக்கூட வந்து ஆடும் தொழிலாளிக்கு, வென்ற பணம் கைக்கு வராமை எத்தகைய அடி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மக்கள் தொடர்பு என்னும் பெயரில் பளபளப்பான அறிவிப்புகள் எத்தனை விடுத்தாலும், சொன்ன தொகை சொன்ன நாளில் கொடுக்கப்படாவிட்டால் அத்தனையும் நீர்மேல் எழுத்தாகும்.

ஆகவே, உங்களுள் ஒருவர் நாளை ஓர் ஆட்டக்காரர் சங்கத்துக்கோ, கைத்தொழிலாளர் சங்கத்துக்கோ, கல்லூரி மன்றத்துக்கோ செயலாளராக நேர்ந்தால், இந்த ஆட்டத்தின் கதையிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். முதலில், ஊரார் உங்களைப் பற்றி என்ன குறை சொல்கிறார்கள் என்று கோபப்படாமல் கேட்டறியுங்கள். அக்குறையில் பொய் எவ்வளவு, மெய் எவ்வளவு என்று பிரித்தெடுங்கள். பொய்யை உண்மைச் செய்தியால் மறுங்கள். மெய்யை உங்கள் நடத்தையைத் திருத்துவதன் மூலம் நீக்குங்கள். மெய்யான குறையைச் செய்தி அறிக்கையால் மறைக்க முயல்வோர் ஹஸ்ட்லரின் வழியில் செல்வோரே; அவன் திறமையை ஒளிக்கிறான், இவர்கள் குற்றத்தை ஒளிக்கிறார்கள்.

பத்திரிகைக்கு எழுதும்போது, யார், எங்கே, எப்போது, எத்தனை என்பவற்றை முதலில் எழுதுங்கள். புகழ்ச்சியை வாசகருக்கு விட்டுவிடுங்கள். உங்கள் உறுப்பினர் ஒருவர் தவறு செய்தால் அச்செய்தி உங்களிடமிருந்தே முதலில் வெளிவரட்டும். சிறியவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், நேரில் தொட்டுப் பழகிய பொருளைப் பற்றி எவரும் வீண் அச்சம் கொள்வதில்லை. கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க இயலாததைச் சொல்லாதீர்கள்.

நற்பெயர் என்பது பந்துமேசையில் வெள்ளைப் பந்தை நிறுத்துவது போன்றதே. இந்த அடி வென்றால் போதும் என்று அடிப்பவன் ஒரு பந்தை வெல்வான்; அடுத்த அடிக்கு இடமின்றித் திகைப்பான். இன்றைய செயல் நாளை நம்மை எங்கே நிறுத்தும் என்று எண்ணி அடிப்பவனே நெடுநேரம் மேசையில் நிற்பான்.